ஒரே வீடு, இரண்டு வலை

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கணினிகள் இருந்தால் அவை ஒன்றையொன்று அறியும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டிலும் யூடியூப் ஓடும், இரண்டுக்கும் மின்னஞ்சல் வரும். ஆனால் மாடிக் கணினியில் இருக்கும் கல்யாணப் படங்களைக் கீழ் அறை லேப்டாப்பில் திறக்கப் போனால், திறக்க முடியாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எங்கள் வீட்டிலும் வந்தது. “பென் டிரைவ் இருக்கும்போது எதுக்கு மாமா இந்தப் பாடு?” என்றாள் தங்கை மகள். நியாயமான கேள்விதான். ஆனால் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொண்டுவந்தே ஒரே படத்துக்குப் பல பிரதிகள் சேர்ந்துவிடுகின்றன. எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஓரிடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளத்தான் இந்தப் பாடெல்லாம்.

கோளாறு வந்ததும் கண்ணில் படும் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்து சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டால் போதும். இரண்டும் ஒரே வலையில் இருக்கின்றனவா? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடிகிறதா? போனபின் உள்ளே விட அனுமதி இருக்கிறதா? முதல் கேள்விக்கே விடை ‘இல்லை’ என்றால் மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

எங்கள் வீட்டில் முதல் கேள்வியிலேயே விடை கிடைத்தது. கீழே இணைய இணைப்போடு வந்த மோடம். மாடிக்கு அலை எட்டாததால் அங்கே தனியாக வாங்கி மாட்டிய இன்னொரு ரவுட்டர். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஐ.பி. முகவரியைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: கீழே உள்ளது 192.168.1 என்று தொடங்க, மாடியில் உள்ளது 192.168.0 என்று தொடங்கியது. மாடி ரவுட்டர் தனக்கென ஒரு தனி வலையை நடத்திக்கொண்டிருந்தது. இந்த அமைப்பில் மாடியிலிருந்து கீழே போக வழி உண்டு. கீழிருந்து மாடிக்கு வருவதை அந்த ரவுட்டர் தடுத்துவிடும். மாடி ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையைக் கீழே உள்ள மோடத்திடமே விட்டதும் இரண்டும் ஒரே வலைக்கு வந்தன. விருந்தினருக்கென்று ‘கெஸ்ட்’ வைஃபை வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதில் சேரும் கருவிகள் வீட்டிலுள்ள மற்றக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது.

அடுத்தது, போக முடிகிறதா என்பது. ‘நெட்வொர்க்’ பகுதியில் மற்றக் கணினியின் பெயர் தெரியவில்லை என்றதும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பெயர் பட்டியலில் வருவது வேறு, வழி இருப்பது வேறு. ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் அந்தக் கணினியின் ஐ.பி. முகவரியும் தட்டிப் பாருங்கள். பட்டியலில் இல்லாத கணினியும் பல சமயம் திறந்துகொள்ளும். அதுவும் திறக்காவிட்டால் வலையின் வகையைப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 11 அதை ரயில் நிலையத்து வைஃபை போல ‘பப்ளிக்’ என்றே வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் மற்றவர்கள் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்பதே அதன் வழக்கம். ‘பிங்’ கட்டளையால் கூப்பிட்டால்கூடப் பதில் வராது. இது நம் வீடுதான் என்று நாம்தான் ‘பிரைவேட்’டுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் ஃபயர்வாலையே அணைப்பவர்கள் உண்டு. சோதிக்கவென்று அணைத்தது அப்படியே மறந்துபோகும்.

பழைய கருவிகளுக்காக ‘எஸ்எம்பி 1’ என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையைத் திரும்ப நிறுவச் சொல்லும் யோசனையும் காதில் விழும். செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட முடக்கிய ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 உள்ள கணினிக்குக்கூட அது தேவையில்லை. எக்ஸ்பிக்குத்தான் அதைவிட்டால் வேறு வழி கிடையாது. விண்டோஸ் 7 காலத்தில் வீட்டுக்காரர்களுக்கென்றே வந்த ‘ஹோம்குரூப்’ வசதியும் 2018-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதை நம்பிய பழைய குறிப்புகள் இன்று உதவா.

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். கணினி பாஸ்வேர்டு கேட்கும், நாம் தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின்னைக் கொடுப்போம், அது மறுக்கும். ‘பின்’ என்பது அந்தக் கணினிக்கு முன்னால் உட்காருபவருக்கு மட்டுமே செல்லும். வலை வழியாக வருபவர் எந்தக் கணினிக்குள் நுழைகிறாரோ, அதிலுள்ள கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். பின்னிலேயே காலம் தள்ளியதில் பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள், பகிர்வதற்கென்றே அந்தக் கணினியில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கிவிடலாம். அதன்பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லையானால் இரண்டு அனுமதிகளையும் பாருங்கள். பகிர்வுக்கான அனுமதி ஒன்று, ஃபோல்டருக்கே உள்ள பாதுகாப்பு அனுமதி இன்னொன்று. வாசல் கதவு திறந்திருந்தாலும் அறைக் கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாதல்லவா? இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும்.

எல்லாம் கூடிவந்தபின் வேகம் போதவில்லை என்ற குறை எழும். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் ரவுட்டருக்கு ஒருமுறை, அங்கிருந்து மறுமுறை என்று காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. ஒரே அலைவரிசை என்றால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரு கணினியையாவது கம்பி போட்டு ரவுட்டரோடு இணைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வீட்டில் கோப்புப் பகிர்வு நின்றுபோனால் எந்தக் கருவியும் கெட்டுவிட்டது என்று பெரும்பாலும் பொருளில்லை. யாரை நம்புவது என்று நாம் சொல்லாததால் கணினி யாரையும் நம்பாமல் இருக்கிறது. இன்றைய நிலையில் அது இருக்க வேண்டிய விதமும் அதுதான். ஆகவே எதையும் அணைப்பதற்கு முன் மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.