தட்டு நோட்டு

என் மேசைமேல் அந்த அம்மாள் வைத்தது எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. அட்டையில் மகன் பெயர், நான்காம் வகுப்பு, கணக்கு. முதல் சில பக்கங்களில் பெருக்கல். அதற்குப் பிறகு கையெழுத்து மாறுகிறது: தேதி, குளத்தின் எண், எதிரே ஒரே சொல். ‘காலி’. ‘பாதி’. ‘மீதி’. அமாவாசையை ஒட்டி சில நாள்களில் மட்டும் ‘சட்டை உரிக்குது’ என்று இருந்தது.

இறால் பண்ணைகளில் குளத்துக்குள் நீளும் பலகை மேடையிலிருந்து ஒரு வலைத் தட்டில் கொஞ்சம் தீனி வைத்து இறக்குவார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், இறால் சாப்பிட்டதா இல்லையா என்று தெரியும். காலியாக இருந்தால் அடுத்த வேளைக்குத் தீனியைக் கூட்டலாம். மீதி இருந்தால் குறைக்க வேண்டும். தோல் கழற்றும் நாள்களில் இறால் தீனியைத் தொடாது. அதைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. பண்ணை சூப்பர்வைசர் தன் பதிவேட்டை இந்த நோட்டைப் பார்த்துத்தான் நிரப்புவாராம். பதிவேட்டில் இவர் பெயர் எங்கும் கிடையாது.

1997 பொங்கல் கழிந்து சில நாள்களில், பொன்னேரியில் பஸ் ஏறி இருபத்து மூன்று பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். எல்லோரும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர்கள். நான்கு வருஷமாக வேலை பார்த்த பண்ணை, முந்தைய செப்டம்பரில் ஒரு ராத்திரி காலியாகியிருந்தது. ஜெனரேட்டர், பம்பு, குளத்தில் தண்ணீரை அடித்துச் சுழற்றும் ஏரேட்டர்கள், எல்லாம் லாரியில் ஏறி அரம்பாக்கம் வழியாகத் தடாவுக்குப் போய்விட்டன.

“ஏரிக்கு அந்தாண்ட போய்ட்டாங்க சார்” என்றார் அந்த அம்மாள். “படகுல போனா பாத்துடலாம். துட்டு மட்டும் வர மாட்டேங்குது.”

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பக்கம் இருப்பது சுமார் ஆறில் ஒரு பங்கு. மீனுக்கும் தண்ணீருக்கும் எல்லை தெரியாது, ஆனால் முதலாளிக்குத் தெரியும். 1995-இல் தமிழ்நாடு அரசு நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிமம் வாங்க வேண்டும், சூழலைச் சரிசெய்யும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்கு இணையான சட்டம் அப்போது ஆந்திரத்தில் இல்லை. அரசியல் சாசனத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில், 21-ஆம் இனமாக இருக்கிறது. ஆகவே ஏரியின் ஒரு கரையில் ஒரு சட்டம், மறு கரையில் வேறு நிலவரம். அதே சமயத்தில் வெள்ளைப்புள்ளி நோயும் கிழக்குக் கரைப் பண்ணைகளை நாசம் செய்துகொண்டிருந்தது. முதலாளி இடம் மாறியதற்கு இரண்டும்தான் காரணம் என்பது என் கணிப்பு. கோர்ட்டில் நான் சட்டத்தைச் சொன்னேன், அவர்கள் நோயைச் சொன்னார்கள்.

இந்த வழக்கை இப்போது எழுதத் தூண்டியது துப்பாக்கி. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம், 1856 முதல் மாசசூசெட்ஸில் இருந்த தன் தலைமையகத்தை டென்னசிக்கு மாற்றுவதாக அறிவித்தது. பொதுமக்களுக்கு விற்கும் சில ரகத் துப்பாக்கிகளின் உற்பத்தியையே தடை செய்ய மாசசூசெட்ஸில் ஒரு மசோதா இருந்தது. அதற்கு முன்பு, 2013-இல் மேரிலாந்து துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கியதும், பெரெட்டாவும் தன் உற்பத்தியை டென்னசிக்குக் கொண்டுபோனது. ஜூனியர் ஒருவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, “நம்ம ஊர்ல இப்படிப் போக முடியுமா சார்?” என்றார். துப்பாக்கிக்கு முடியாது. ஆயுதம் மத்தியப் பட்டியலில் 5-ஆம் இனம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் திருச்சிக்கும் கான்பூருக்கும் ஒன்றுதான். சட்டத்துக்குப் பயந்து மாநிலம் தாண்டுவதில் லாபமில்லை. ஆனால் இறால் போகும் என்றேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டுப் போகும் வேலைகள் சுமார் 550 என்று படித்தபோது, எனக்கு அந்த இருபத்து மூன்று பேர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அவர்கள் என்னிடம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1996 டிசம்பர் 11-இல், உச்ச நீதிமன்றம் ஜெகந்நாதன் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. காந்தியவாதி ஜெகந்நாதன் 1994-இல் போட்ட மனு அது. நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் தொழில் கூடாது என்றார்கள். சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் ஆயிரம் மீட்டருக்குள் குளமே கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும் என்றார்கள். பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. எங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு இருந்தது: ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளர்கள் 1997 ஏப்ரல் 30 முதல் ஆட்குறைப்புச் செய்யப்பட்டவர்களாகக் கருதப்படுவார்கள். தொழில் தகராறுச் சட்டப்படி இழப்பீடு உண்டு. அதற்கு மேல் ஆறு வருஷச் சம்பளம்.

ஆறு வருஷச் சம்பளம்! அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். அம்மாளுக்குத் தினக்கூலி இருபத்தைந்து ரூபாய். மாதம் இருபத்தாறு நாள், வருஷம் பன்னிரண்டு மாதம், ஆறு வருஷம்: 46,800 ரூபாய். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

அவர் வீட்டிலேயே அந்தத் தீர்ப்புக்கு இரண்டு முகம். கணவர் பாடு உள்ளவர். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. வம்ச வழியாக வருவது. பண்ணைக்காரர்கள் குளத்துக் கழிவை ஏரியில் திறந்துவிட்ட பிறகு, பாட்டு இடத்தில் வலையில் பாசிதான் ஏறுகிறது என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. தீர்ப்பு வந்த அன்று கணவர் இனிப்பு வாங்கி வந்தாராம். “பாடு ஆம்பளைங்களுக்கு சார். எனக்கு ஏது பாடு? எனக்குத் தட்டுதான்” என்றார் அம்மாள். இனிப்பைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். “வூட்டுக்கு வந்ததை வேணாம்னா சொல்லுவேன்?”

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். மூடலுக்கான இழப்பீடு கேட்டு முறைப்படி சமரச அதிகாரி முன் தகராறு எழுப்பியிருக்க வேண்டும். நானோ அந்த 46,800 ரூபாயில் மயங்கி, தொகையைக் கணக்கிட்டுத் தரச் சொல்லி தொழில் தகராறுச் சட்டத்தின் 33-சி(2) பிரிவில் நேரே தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனேன். அந்தப் பிரிவு ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட உரிமைக்குத்தான் பயன்பட்டது. உரிமையே தகராறு என்றால் அங்கே முடிவு செய்ய முடியாது என்று கணேஷ் ரசாக் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை முதல் வாய்தாவிலேயே நீட்டினார். அதோடு, மார்ச் மாதத்திலேயே மறுஆய்வு மனுக்களில் இடிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. தீர்ப்பே தூக்கத்தில் இருக்கும்போது ஆறு வருஷச் சம்பளம் எங்கே என்றார். மூன்றாவது அம்புதான் கூர்மையானது: ஏப்ரல் 30-இல் அங்கே பண்ணையே இல்லை, இல்லாத பண்ணையில் யாரை ஆட்குறைப்புச் செய்வது? புதிய இடத்தில் வேலை தரத் தயாராக இருந்தோம், இவர்கள்தான் வரவில்லை என்றும் சொன்னார். கைக்குழந்தையோடு தினமும் எல்லை தாண்டி எப்படிப் போவது என்பதை அவர் சொல்லவில்லை.

விவசாய வேலை இது, தொழிலே அல்ல என்றும் ஒரு வாதம் வைத்தார்கள். உச்ச நீதிமன்றமே பக்கத்துக்குப் பக்கம் ‘இறால் வளர்ப்புத் தொழில்’ என்று எழுதியிருந்ததால் அது நிற்கவில்லை.

குறுக்கு விசாரணையில் அம்மாளிடம் கணக்குக் கேட்டார்கள். ஒரு வளர்ப்பு நூற்றிருபது நாள், வருஷத்துக்கு இரண்டு வளர்ப்பு. ஆக மொத்தமே 240 நாள், அதில் நீ லீவு போடவே இல்லையா என்று. 240-க்கு ஒரு நாள் குறைந்தாலும் ஒரு வருஷத் தொடர் பணி ஆகாது. அம்மாள் நோட்டைக் கேட்டு வாங்கினார். அறுவடை முடிந்த பின் ‘குளம் காயுது’, ‘சுண்ணாம்பு’, ‘வரப்பு’ என்று இருந்த பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். இறால் இல்லாத நாளிலும் வேலை இருந்திருக்கிறது. நான் எண்ணி வைத்திருந்தேன்: 291 நாள். ஞாயிற்றுக்கிழமையுமா என்று வக்கீல் கேட்டார். “இறாலுக்கு ஏது சார் ஞாயித்துக்கெழம?” நீதிபதி சிரித்துவிட்டு, அதையும் அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் பண்ணை மேனேஜர் கூண்டில் ஏறினார். புதுப் பண்ணை ஏரியிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். புதிய இடத்தில் வேலை தருவதாகச் சொன்னது நீங்கள்தான், இடம் எங்கே என்று தெரிய வேண்டாமா என்றேன். நீதிபதி அனுமதித்தார். மேனேஜர் தண்ணீர் கேட்டார். தமிழ்நாட்டுச் சட்டத்திலிருந்து தப்பி வடக்கே போனவர்களை ஆயிரம் மீட்டர் அங்கேயும் வந்து பிடித்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஏரியை அளந்தபோது எந்த மாநிலம் என்று பார்க்கவில்லை. இடிப்பு நின்றிருந்தாலும் கத்தி தலைக்குமேல்தான் இருந்தது. அந்த நிலையில், கோர்ட் பதிவேட்டில் ஒரு எண் ஏறுவதை யார் விரும்புவார்?

மேனேஜர் பதிலை அடுத்த வாய்தாவில் சொல்வதாக அவகாசம் வாங்கினார்கள். அந்த வாய்தாவுக்கு முன்பே சமரசப் பேச்சு வந்தது. வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளமும் ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும். அம்மாளுக்கு 2,150 ரூபாய். இன்னும் இழுத்திருக்கலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மனு தள்ளுபடியானால் அதுவும் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இருபத்து மூன்று பேரும் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டார்கள். 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, கடலோர மண்டலத் தடையிலிருந்து பண்ணைகளை விடுவித்தது. அந்த ஆறு வருஷச் சம்பளத்தை வாங்கிய ஒரு தொழிலாளியைக்கூட என் தொழிலில் நான் சந்திக்கவில்லை.

பணம் வாங்கிய அன்று எல்லோரும் போன பிறகும் அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் இன்னாம்மா?” என்றேன்.

“நோட்டு சார்.”

அது சான்றாவணமாக நீதிமன்றத்தில் இருந்தது. திரும்பப் பெற மனுப் போட்டு, முத்திரை குத்திய நோட்டு கைக்கு வர இரண்டு மாதம் ஆனது. வந்து வாங்கிக்கொண்டார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து புரட்டி, எழுதாத தாள்களை விரலில் எச்சில் தொட்டு எண்ணினார்.

“பதினொன்னு இருக்கு. சீட்டுக் கணக்கு எழுதிக்கலாம்.”