கத்தினால் முதலாளி போவாரா?

தமிழாலயத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனுடைய மச்சான் இங்கிலாந்தில் இருக்கிறான், மான்செஸ்டர் யுனைட்டெட் பைத்தியம். பச்சையும் மஞ்சளுமாக ஒரு கழுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவானாம். "அண்ணா, அவங்கள் எத்தினை வருசமாக் கத்துறாங்கள், ஓனர் போகேல்ல. இங்க எங்கட ஆக்கள் ரெண்டு மாசம் ரெனிஸ் பந்து எறிஞ்சவுடன அவ்வளவு பெரிய கொம்பனி ஓடிட்டுது. ஏன்?"

"ஜேர்மன் ரசிகர்களுக்கு ஒற்றுமை கூட" என்று பலர் பதில் சொல்லுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மான்செஸ்டர் ரசிகர்கள் செய்யாதது என்று ஒன்றுமே இல்லை. 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கழகத்தை வாங்கி, அந்தக் கடனில் பெரும் பகுதியைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. அந்த வருடமே ஒரு பகுதி ரசிகர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி, எஃப்.சி. யுனைட்டெட் ஒஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கென்று ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் 2010இல் சிவப்பை விட்டுவிட்டு, கழகத்தின் ஆதிப் பெயரான நியூட்டன் ஹீத் காலத்துப் பச்சை மஞ்சளைக் கழுத்தில் போட்டார்கள். 2021 மே 2ஆம் திகதி ஓல்ட் டிராபர்ட் மைதானத்துக்குள்ளேயே புகுந்து, லிவர்பூலுடனான ஆட்டத்தை அன்றைக்கு நடக்கவிடாமல் செய்தார்கள். இதைவிட என்ன செய்வது? 2024 பெப்ரவரியில் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலான பங்கை வாங்கினார், உதைபந்தாட்டப் பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பெரும்பான்மை அதற்குப் பிறகும் கிளேசர் குடும்பத்திடம்தான் இருந்தது. கிட்டத்தட்ட இருபது வருடத்துக் கோபத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். வெஸ்ட்எண்டில் கியோலெட் வீதியில், வங்கிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில், டி.எஃப்.எல். அலுவலகம் இருக்கிறது. புண்டஸ்லிகாவின் முதலாம் இரண்டாம் பிரிவுகளை நடத்துவது அவர்கள்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் நடக்கும்போது ஒரு காப்புறுதி நிறுவனம் என்றுதான் நினைப்பீர்கள். 2023இல் அவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். ஒளிபரப்பு உரிமையில் வரும் வருமானத்தில் ஒரு பங்கை இருபது வருடங்களுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுப்பது, அதற்குப் பதிலாக ஏறத்தாழ 100 கோடி யூரோ வாங்குவது. கடைசியில் பேசிய பங்கு 8 சதவீதம். வாங்க நின்றவை பிளாக்ஸ்டோன், சிவிசி என்ற இரண்டு பெரிய முதலீட்டு நிறுவனங்கள்.

தம்பி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. இது ஒரு கழகத்தை விற்கும் கதை இல்லை, லீக்கின் வருமானத்தில் ஒரு துண்டை விற்கும் கதை. ஆனால் ரசிகர்களின் பயம் ஒன்றுதான்: பணம் போட்டவன் சும்மா இருக்கமாட்டான், ஆட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பது, எந்த நாட்டில் வைப்பது என்று நாளைக்குச் சொல்லத் தொடங்குவான்.

36 கழகங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 24. 2023 மே மாதம் 20தான் கிடைத்தது, திட்டம் விழுந்தது. விட்டார்களா? கொஞ்சம் மாற்றி எழுதி டிசம்பர் 11ஆம் திகதி மறுபடியும் வாக்கெடுத்தார்கள். சரியாக 24. ஒன்று குறைந்திருந்தாலும் முடிந்திருக்கும்.

இங்கேதான் ஹனோவர் வருகிறது. ஹனோவர் 96இன் தாய்ச் சங்கம் தன் நிர்வாகி மார்ட்டின் கிண்டுக்கு "வேண்டாம் என்று வாக்களி" என்று சொல்லியிருந்தது. வாக்கெடுப்பு இரகசியம். அவர் எப்படி வாக்களித்தார் என்று அவர் சொல்லவில்லை. வெளியில் தெரிந்த கணக்குகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்த இருபத்துநான்காவது வாக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்ற சந்தேகம் தீரவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் பன்னிரண்டு நிமிட மௌனம், ஏனென்றால் ரசிகர்தான் பன்னிரண்டாவது ஆட்டக்காரர். பிறகு தங்கத்தாள் சுற்றிய சொக்லேட் காசுகள். பிறகு ரெனிஸ் பந்துகள், கம்பத்தில் பூட்டிய சைக்கிள் பூட்டுகள், கடைசியில் புகை விட்டுக்கொண்டு புல்தரையில் ஓடிய ரிமோட் கார்கள். பெர்லினில் ஹெர்த்தாவும் ஹம்பேர்க்கும் ஆடிய ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது.

ரெனிஸ் பந்து எவ்வளவு கெட்டித்தனமான ஆயுதம் என்று யோசித்துப் பாருங்கள். விலை மலிவு. பட்டால் ஒருவருக்கும் காயம் வராது, அதனால் பொலிஸ் உள்ளே இறங்கக் காரணம் குறைவு. பொறுக்கி முடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் தொலைக்காட்சியில் உலகம் பார்க்கிறது, வர்ணனையாளருக்கு ஏன் ஆட்டம் நின்றது என்று விளக்குவதைத் தவிர வேறு வழியில்லை. விற்கப் போகிற பொருளே அந்தத் தொலைக்காட்சி நேரம்தான். வாங்க வந்தவன் கடை வாசலில் நிற்கும்போது பொருள் அவன் கண் முன்னால் பழுதாகிறது. என் வேலையில் ஒரு பெரிய மென்பொருளை நிறுத்த வேண்டுமென்றால் எங்கே கை வைத்தால் போதும் என்று தேடுவோம், இவர்கள் தேடாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். உண்மையில் தேடித்தான் இருந்தார்கள். 2018 பெப்ரவரி 19, திங்கட்கிழமை, எங்கள் வால்ட்ஸ்டேடியோனில் ஐன்ட்ராக்டும் லைப்சிக்கும். திங்கட்கிழமை ஆட்டங்களை எதிர்த்து எங்கள் ஆட்கள் ரெனிஸ் பந்து எறிந்து ஆட்டத்தைத் தாமதிக்க வைத்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே, 2021 பருவத்திலிருந்து புண்டஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டம் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. (ஐன்ட்ராக்ட் 2-1 என்று வென்றது. அதையும் சொல்லாமல் விட மனமில்லை.)

2024 பெப்ரவரி நடுவில் பிளாக்ஸ்டோன் விலகியது. சிவிசி மட்டும் மிஞ்சியது. 21ஆம் திகதி டி.எஃப்.எல். முழுப் பேச்சுவார்த்தையையும் கைவிட்டது.

இதைப் பார்த்துத்தான் "ரெனிஸ் பந்து வென்றது" என்கிறார்கள். நான் அதைப் பாதிக் கதை என்பேன். பந்து விழுந்துகொண்டிருந்த அதே கிழமைகளில் கழகங்களுக்குள் வேறொன்று நடந்தது. உறுப்பினர்கள் தங்கள் நிர்வாகிகளிடம் கேட்டார்கள்: நீ எப்படி வாக்களித்தாய்? யாரைக் கேட்டு வாக்களித்தாய்? வாக்கெடுப்பைத் திரும்பவும், இந்த முறை வெளிப்படையாக நடத்து என்று சில கழகங்களே கேட்கத் தொடங்கின. நிர்வாகிக்கு அடுத்த பொதுக்கூட்டத்தில் அதே உறுப்பினர்களின் முகத்தில் விழிக்க வேண்டும். மான்செஸ்டரில் கிளேசருக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் புளோரிடாவில் இருக்கலாம். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அவரைக் கதிரையிலிருந்து இறக்கும் வாக்குச்சீட்டு அந்தக் கூட்டத்தின் கையில் இல்லை.

இங்கே அந்தச் சீட்டைக் காப்பாற்றுவது 1998இல் வந்த 50+1 என்ற விதி. கழகத்தின் உதைபந்தாட்டப் பிரிவைக் கொம்பனியாக மாற்றலாம், பங்கை விற்கலாம், ஆனால் வாக்குகளில் பாதிக்கு மேல் தாய்ச் சங்கத்திடம், அதாவது ஃபெராயினிடம் இருக்க வேண்டும். ஐன்ட்ராக்டிலும் அப்படித்தான். அந்த ஃபெராயினில் இப்போது ஒரு இலட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. அப்பா 1986இல் இங்கே வந்தார். ஹோக்ஸ்டில் இரவு வேலை செய்தார், வரி கட்டினார், பதினெட்டு வருடம் ஒரு தேர்தலிலும் வாக்களித்ததில்லை. நகரசபையில் வெளிநாட்டவர் பிரதிநிதிகளுக்கென்று ஓர் அவை உண்டு, அதற்கு வாக்களிக்கலாம். அது ஆலோசனை சொல்லும், தீர்மானிப்பது மற்றவர்கள். அப்பா ஒவ்வொரு முறையும் உடுப்பு மாற்றிக்கொண்டு போய் வாக்களித்துவிட்டு வருவார். "சொல்லலாம். கேக்கிறதும் விடுறதும் அவையின்ர விருப்பம்" என்பார். நான் இங்கேயே பிறந்தவன். ஆனாலும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தபடியால் பிறப்பால் ஜேர்மன்காரன் இல்லை. வாக்களிக்கும் வயது வந்தபோது என்னிடம் ஜேர்மன் கடவுச்சீட்டும் இல்லை. ஆனால் ஐன்ட்ராக்டின் உறுப்பினர் அட்டை இருந்தது. உறுப்பினர் கூட்டத்தில் நான் கை தூக்கினால், பக்கத்தில் மூன்று தலைமுறையாக பிராங்பேர்ட்டில் இருக்கும் ஒருவர் தூக்கும் கைக்குச் சமம். இந்த நாட்டில் நான் முதலில் போட்ட வாக்கு, ஒரு உதைபந்தாட்டச் சங்கத்தின் கணக்கறிக்கையை ஏற்பதா இல்லையா என்பதற்கு. சிரிக்காதீர்கள்.

அதே மண்டபங்களில்தான், ஏ.எஃப்.டி. கட்சிக்கு வாக்களிப்பவர்களுக்கு எங்கள் சங்கத்தில் இடமில்லை என்று சொன்ன தலைவர் பீட்டர் ஃபிஷரை 2018 ஜனவரியில் 99 சதவீத வாக்கோடு மறுபடியும் தெரிவு செய்தார்கள். அவர் சொன்னதைச் சங்க விதிப்படி செய்ய முடியுமா என்பது வேறு விவாதம். நான் நினைப்பது, ஒரு தனி முதலாளி அதைச் சொல்லியிருந்தால் அது அவருடைய கருத்தாக மட்டுமே இருந்திருக்கும்.

வாக்கில்லாத இடத்தில் எதிர்ப்பு வெல்லவே வெல்லாதா? வெல்லும், ஆனால் வேறு ஏதாவது பிடி வேண்டும். பிளாக்பூல் ரசிகர்கள் ஓய்ஸ்டன் குடும்பத்தை எதிர்த்து வருடக்கணக்காக மைதானத்துக்குப் போகாமல் இருந்தார்கள். முதலாளியை இறக்கியது நீதிமன்றம்: பழைய பங்காளிக்குக் கட்ட வேண்டிய கடன் கட்டாததால், 2019 பெப்ரவரியில் கழகத்தைப் பொறுப்பெடுக்க ஒருவரை நியமித்தது. அடுத்த மாதம் 15,000க்கு மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். வெறுமையாகக் கிடந்த இருக்கைகள் கடனைக் கட்டுவதைச் சுலபமாக்கியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தியாவில் மோகன் பகான் இருக்கிறது. 1889இல் தொடங்கிய கழகம், 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்ற கழகம். 2020இல் அது ஏ.டி.கே. என்ற அணியோடு இணைக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் அந்த மூன்று எழுத்தும் ஒட்டிக்கொண்டது. "ஏ.டி.கே.யை எடு" என்று கொல்கத்தா ரசிகர்கள் மூன்று வருடம் விடவில்லை. 2023 மார்ச்சில் கிண்ணம் வென்ற இரவிலேயே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயரை மாற்றுவதாக அறிவித்தார். மூன்று எழுத்து போனது. பின்னால் சூப்பர் ஜயன்ட் என்ற பெயர் வந்து உட்கார்ந்தது. உரிமையாளர் அப்படியே இருந்தார்.

ஜேர்மனியில் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். லெவர்குசனும் வோல்ஃப்ஸ்பேர்க்கும் விதிவிலக்கு வாங்கி, பாயருக்கும் வோக்ஸ்வாகனுக்கும் சொந்தமாக இருக்கின்றன. லைப்சிக்கில் ஃபெராயின் இருக்கிறது, ஆனால் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் மிகச் சிலர். நீங்கள் விண்ணப்பித்தாலும் ஆதரவாளராகத்தான் சேரலாம், வாக்குக் கிடைப்பது கடினம். 2025 ஜூனில் ஜேர்மனியின் போட்டிச் சட்ட அலுவலகம், 50+1 விதியைத் தாங்கள் எதிர்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்த வேண்டும் என்று தன் கருத்தைச் சொன்னது. நிரந்தர விதிவிலக்கும் சரியில்லை, கதவைச் சாத்திய சங்கமும் சரியில்லை என்பதுதான் அதன் பொருள். இதைச் சீர்படுத்தினால் விதி பிழைக்கும், இல்லையென்றால் யாராவது ஒரு பணக்காரர் நீதிமன்றம் போய், "அவனுக்கு விட்டாய், எனக்கு ஏன் விடமாட்டாய்" என்று கேட்பார். அந்த வழக்கில் ரெனிஸ் பந்து எறிய இடம் இருக்காது.

தம்பிக்கு நான் சொன்ன பதில் சின்னதுதான். உன்ர மச்சானிட்டக் கேள், அவனுக்கு யுனைட்டெட்டில் கணக்கறிக்கைக்கு எதிராகக் கை தூக்க ஏலுமா எண்டு. அவன் உடனே மச்சானுக்கு எழுதினான். "என்ன கணக்கறிக்கை?" என்று பதில் வந்தது. தம்பி ஐன்ட்ராக்டில் சேரும் படிவத்தை இறக்கி வைத்திருக்கிறான், பதினெட்டு வயது ஆகாததால் அம்மாவின் கையொப்பம் வேண்டும். அம்மா முதலில் கணக்குப் பரீட்சைப் புள்ளியைக் காட்டு என்கிறா.