கதவைச் சாத்திய அரை மணி

1984-ல் கல்யாணமாகி நான் ஓசூருக்கு வந்தேன். அப்போது அது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த சமயம். திருநெல்வேலி, நாகர்கோவில், வேலூர் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்த பையன்கள் ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பார்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். என் கணவர் அங்கே ஒரு சின்னச் சபையின் போதகர்.

போதகர் வீடென்றால் எந்நேரமும் ஜெபம், பாட்டு, நிம்மதி என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஜெபிக்க நேரம் கிடைக்காத வீடு அதுதான்! ஷிப்டு வேலை நடக்கிற ஊரில் வீட்டுக் கூட்டங்களுக்கும் ஷிப்டுதான். முதல் ஷிப்டுக்காரர்களுக்கு மாலையில் கூட்டம். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குக் காலையில். இரவு வேலை முடிந்து வருகிற பையன் நேரே நம் வாசலுக்கு வந்து, "பாஸ்டரம்மா, டீ இருக்கா? மனசு சரியில்ல" என்று உட்காருவான். எனக்கோ இடுப்பில் ஒன்று, தொட்டிலில் ஒன்று.

கூட்டங்களில் ஜெபிக்காத நாளில்லை. ஆனால் அது நாலு பேர் காதில் விழ, பிறருக்காகச் செய்வது. என் பாரத்தை நான் இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா?

ஒரு நாள் கணவரிடம் சொன்னேன்: "ஏங்க, தினமும் எனக்கு அரை மணி நேரம் வேணும். கதவைச் சாத்திக்குவேன். யார் வந்தாலும் நீங்க பார்த்துக்குங்க." அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "ஊழியமே ஜெபம்தானேம்மா?" என்றார். இதைப் பல ஊழியக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுப்பது அன்புதான். அதற்காகத் தாய் சாப்பிடாமலே இருந்தால் பால் எங்கிருந்து ஊறும்? ஜனங்கள் தேடிக்கொண்டிருந்த நாளிலேயே இயேசு இருட்டோடு எழுந்து தனி இடத்துக்குப் போனதாக மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறதே என்றேன். "எனக்கேவா பிரசங்கம்?" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

எந்த நேரம் என்பது அடுத்த கேள்வி. விடியற்காலை நாலு மணி என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுக்கிறவளுக்கு அது சரிப்படாது, சகோதரிகளே. தூக்கம் கெட்டால் தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். அதிலும் ஓசூர் மார்கழிக் குளிரில் பச்சை உடம்புக்காரி எழுந்து உட்கார வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது பகல் பதினொன்றரை மணி. சோறு வடித்தாகியிருக்கும், சின்னது தூங்கும்.

சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. புருஷன் குடியால் நொந்துபோயிருந்த ஒரு பெண், அவர் வெளியே போயிருந்த நாளில் சரியாக அந்த நேரத்துக்கு வந்து கதவைத் தட்டினாள். "பத்து நிமிஷம் இரும்மா" என்று உள்ளிருந்தே சொன்னேன். போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள், "பாஸ்டரம்மா இப்பல்லாம் கதவே திறக்கிறதில்ல" என்று சபை முழுக்கப் பேச்சு. ஒரு குடும்பம் வேறு சபைக்கே போய்விட்டது. அந்த வருத்தம் இன்றைக்கும் உண்டு. ஆனால் நேரத்தை நான் விடவில்லை. வாசலில் ஒரு பாயும் சொம்பில் தண்ணீரும் வைத்தேன்.

சில வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். நான் கதவைத் திறந்தபோது பாயில் உட்கார்ந்து அழுது ஓய்ந்திருந்தாள். "உள்ள நீங்க முணுமுணுக்கறது கேட்டுச்சும்மா. என் பேரும் வந்துச்சே!" என்றாள். வந்திருக்கும். அரிசி டப்பா மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் அவள் பெயர்தான் முதலில்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். 1895-ல் இந்தியாவுக்கு வந்தபோது அவர் முதலில் தங்கியது இதோ பக்கத்துப் பெங்களூரில். 1901 முதல், கோயிலுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளை ஏற்று வளர்த்தார். அத்தனை பிள்ளைகளின் சளி, காய்ச்சல், பசி! 1931-ல் விழுந்து அடிபட்ட பின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையோடு இருந்தார். படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், ஜெபித்தார். ஓய்ந்து உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப் போடுகிறோம். ஓடியாடின காலத்திலேயே பழகாதது படுக்கையில் எப்படி வரும்?

அறையே இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பீர்கள். ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா பத்தொன்பது பெற்றவர். மேல்துணியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். நமக்கு முந்தானை இருக்கிறது. கைவேலையோடு ஜெபிக்கலாம் என்பார்கள். துணி அலசும்போது முடியும். ராகிக் களி கிண்டும்போது மட்டும் வேண்டாம், கட்டி தட்டிவிடும்!

பிரசவமான புதிதில் முழங்காலிட வேண்டாம்; சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலே போதும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கம்பளியை நாலாக மடித்துப் போட்டுத்தான் முழங்காலிடுகிறேன். எழுந்திருக்கச் சன்னல் கம்பி வேண்டியிருக்கிறது.