ஐயத்தின் பயன் யாருக்கு?

நீதிமன்றங்கள் போற்றும் அறம் ஒன்று உண்டு. குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படும் வரையில், குற்றம் சாட்டப்பட்டவன் குற்றமற்றவனே. சந்தேகத்தின் பலன் அவனுக்கே உரியது. மனிதன் வகுத்த நெறிகளுள் மாண்பு மிக்கது இது. ஆனால், மனிதனுக்கு அளித்த இச்சலுகையை ஒரு பொருளுக்கும் அளிக்கலாமா? நாளும் மூச்சோடு உள்ளே செல்லும் தூசிக்கு அளிக்கலாமா? நானோ தொழில்நுட்பத்தை நெறிப்படுத்த முற்படும் சட்டங்கள் யாவும் இறுதியில் இந்த வினாவின் முன்தான் வந்து நிற்கின்றன.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாகப் பகுத்தால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான அளவில் பல பொருள்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. மஞ்சள் நிறப் பொன், அந்த அளவில் நீரில் கலந்து நிற்கும்போது செந்நிறம் காட்டுகிறது. பெயர் மாறவில்லை; குணம் மாறிவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. இங்கோ சிறுக்கச் சிறுக்கக் காரம் கூடுவதும் உண்டு. ஒரு கட்டியைத் தூளாக்கினால் அதன் எடை மாறுவதில்லை, வெளிப்பரப்பு பெருகுகிறது. பரப்பு பெருகினால், பிற பொருள்களோடு வினைபுரியும் ஆற்றலும் பெருகுகிறது.

சட்டத்திற்குத் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. சட்டம் பொருளைப் பெயரால் அறிவது, எடையால் அளப்பது. பெரிய வடிவில் தீங்கற்றது எனச் சான்று பெற்ற ஒரு பொருள், நானோ வடிவம் எடுத்த பின்னும் அதே பெயரோடு அதே வாயில் வழியே நுழைந்துவிடும். காவலன் பெயரைப் பார்த்து வழி விடுகிறான். வந்தது வேறோர் ஆள் என்பதை அவன் அறியான். பிரிட்டனின் அரச அறிவியல் கழகமும் அரசப் பொறியியல் கழகமும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இக்குறையைச் சுட்டியது. நானோ வடிவத்தைப் புதிய பொருளாகவே கருதி மீண்டும் ஆராய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பனைப் பொருள்களின் உறையில், உட்பொருளின் பெயரை அடுத்து 'நானோ' என்னும் சொல்லையும் அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், நானோ பொருள்களைச் செய்வோரும் இறக்குமதி செய்வோரும் ஆண்டுதோறும் அரசிடம் கணக்குக் காட்டும் கடமையைப் பிரான்ஸ் விதித்தது.

கண்ணுக்குத் தெரியாத தூசிக்காக இத்தனை ஆரவாரம் வேண்டுமா என வினவுவோர் உளர். அவர்களுக்குக் கல்நாரின் வரலாறு விடை கூறும். ஆஸ்பெஸ்டாஸ் என்று உலகம் அழைக்கும் கல்நார், தீக்கு அஞ்சாதது, விலை மலிவானது. வீட்டுக் கூரையிலும் கப்பலிலும் கொதிகலனிலும் அது இடம் பெற்றது. 1898ஆம் ஆண்டில், பிரிட்டனின் முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களுள் ஒருவரான லூசி டீன் அதன் தூசியைப் பற்றித் தம் அறிக்கையில் எழுதினார். உருப்பெருக்கியின் கீழ் அத்தூசி கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக இருந்தது. அது காற்றில் மிதந்த இடங்களில் தொழிலாளரின் உடல்நலம் கெட்டது.

அறிக்கை அச்சேறியது, ஆலைகளின் ஓட்டம் நிற்கவில்லை. 1924ஆம் ஆண்டில், ராச்டேல் நகரில் கல்நார் நூற்று வாழ்ந்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள்கள் காணப்பட்டன. 1930ஆம் ஆண்டின் அரசு ஆய்வில், சோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் 95 பேரின் நுரையீரல் தடித்து இறுகியிருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. முழுத் தடை வந்ததோ 1999ஆம் ஆண்டில்! முதல் எச்சரிக்கைக்கும் முழுத் தடைக்கும் இடையே 101 ஆண்டுகள். கல்நார் விளைக்கும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் மறைந்திருந்து வெளிப்படுவது. சான்று முழுமை பெறும் நாளில் சாட்சிகளுட் பலர் மண்ணுக்குள் இருந்தனர். அந்த நூற்றாண்டு முழுதும் சந்தேகத்தின் பலனைத் துய்த்தது தூசி. விலை கொடுத்தது நுரையீரல்.

நானோ உலகில் இக்கதை வேறு பெயரோடு எட்டிப் பார்த்தது. கரிம நானோ குழாய்கள் எஃகினும் வலியவை, எடை குறைந்தவை. 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இஜிமாவின் ஆய்வு உலகின் கவனத்தை அவற்றின்பால் திருப்பியது. 2008ஆம் ஆண்டில் எடின்பரோ ஆய்வாளர்கள், நீண்ட குழாய்கள் எலிகளின் வயிற்றறை உறையில் கல்நாரைப் போன்றே அழற்சி விளைப்பதைக் கண்டனர். குட்டையானவையும் சுருண்டு கிடப்பவையும் அவ்வாறு செய்யவில்லை. பெயர் ஒன்றே, தீமை வடிவத்தில் இருந்தது. 2013ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம், பணியிடக் காற்றின் ஒரு கனமீட்டரில் ஒரு மைக்ரோகிராம் என அதற்கு வரம்பு பரிந்துரைத்தது. இங்கே எச்சரிக்கை கேட்க நூறு ஆண்டு செல்லவில்லை. கல்நார் கற்பித்த பாடம் முற்றிலும் வீண்போகவில்லை எனலாம்.

ஆயினும், சான்று அரைகுறையாக இருக்கும்போது என் செய்வது? மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடின் துகள்களில் ஒரு பகுதி நானோ அளவினது. அது மரபணுவுக்குக் கேடு செய்யாது என்று உறுதி கூற இயலவில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021ஆம் ஆண்டில் அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதனை உணவிலிருந்து விலக்கியது. பிரிட்டனின் உணவுத் துறையோ அம்முடிவை ஏற்கவில்லை. இரு தரப்பாரும் அறிவியலையே படித்தனர். எஞ்சிய ஐயத்தை ஒருவர் உண்பவர் பக்கம் சாய்த்தனர். மற்றவர் பொருளின் பக்கம் விட்டுவைத்தனர்.

இதனால் நானோ பொருள்களையெல்லாம் விலக்கிவிட வேண்டும் என்பது பொருளன்று. 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோய்க்கு எதிராக வந்த தடுப்பூசிகள் சில, நானோ அளவுக் கொழுப்புத் துகள்களைச் சுமந்தே உடலுக்குள் சென்று உயிர் காத்தன. அவை கடுஞ்சோதனையைக் கடந்து வந்தவை. மருந்துக்குச் சட்டம் விதிக்கும் முறை அதுவே: தீங்கற்றவன் என்பதை முதலில் நீயே காட்டு; பிறகு உள்ளே வா. ஆலையில் மூட்டை பிரித்துத் தூளைக் கொட்டும் தொழிலாளியின் மூச்சுக்கும் அந்த மதிப்பைத் தருவதில் தவறென்ன? மூடிய கலன், தூசியை உறிஞ்சும் குழாய், தக்க முகக்கவசம், உண்மை பேசும் உறை: இவை எட்டாக் கனிகள் அல்ல. தூள் பிசினுக்குள் இறுகிய பின் வாங்குபவனுக்கு அச்சம் குறைவு. அதனைக் கொட்டுபவனுக்கே இடர் மிகுதி.

மனிதனை நிறுத்தும் கூண்டில் சந்தேகத்தின் பலன் மனிதனுக்கு. பொருளை நிறுத்தும் கூண்டிலும் அது மனிதனுக்கே உரியதாக வேண்டும். 1898ஆம் ஆண்டில், கண்டதைத் தயங்காமல் எழுத ஒரு கை இருந்தது. படித்தவுடன் எழுந்து செயலாற்றத்தான் கை இல்லை. அறிவு குறைந்ததால் நேர்ந்த கேடு அன்று அது. அறிந்த பின்னும் காத்திருந்ததால் நேர்ந்தது.