கடலுக்கு நடுவே ஓர் ஓடுபாதை

விமானச் சத்தம் கேட்டால் குனிந்துவிடும் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கிபிர் வரும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்த சகோதரிகளுக்கு இது விளங்கும்.

அப்படிப்பட்ட நான் 2024 ஆவணியில் முதன்முதலாக விமானம் ஏறினேன். மாலைதீவில் ஆசிரியையாக இருக்கும் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பத்தியம் கொடுக்க ஆளில்லை. இளையவளைத் தங்கையின் வீட்டில் விட்டுவிட்டு, சரக்குத்தூளும் ஒடியல் மாவும் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதிலிருந்து, மறுபடி எழுதவே மாட்டேன் என்று அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். போகும் நேரத்திலும் ஏசிவிட்டுத்தான் போனேன்.

கட்டுநாயக்காவிலிருந்து மாலேக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். பக்கத்தில் திருச்சியைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி இருந்தாள். என் கைகள் நடுங்குவதைக் கண்டு, "முதல் தடவையாம்மா?" என்று கேட்டாள். தானும் ஒரு விமானி, விடுமுறையில் போகிறேன் என்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை விமானி என்றால் எனக்கு முகம் தெரியாத ஒருவர்தான்.

எனது பயத்தைப் போக்க அவள் பலதும் சொன்னாள். விமான நிலையம் மாலேயில் இல்லையாம். பக்கத்து ஹுல்ஹுலே தீவில் இருக்கிறதாம். 1960 இல் இரும்புத் தகடுகள் பரப்பி முதல் ஓடுபாதை போட்டார்கள். 1966 இல் அது தார்ப் பாதையானது. 2022 இல் திறந்த புதிய ஓடுபாதையின் நீளம் 3,400 மீற்றர். கடல் மட்டத்திலிருந்து உயரமோ 2 மீற்றர் அளவுதான். 2004 சுனாமியன்று அங்கேயும் கடல்நீர் ஏறியது என்றாள். எனக்கு எங்கள் முல்லைத்தீவுக் கரை நினைவுக்கு வந்தது.

"கடலுக்கு மேல மரமோ வீடோ இல்ல. உயரத்தைக் கண்ணால கணிக்க முடியாது. ராத்திரியில இன்னும் மோசம். தாழ்வா வந்துட்டிருக்கும்போதே உயரமா இருக்கிற மாதிரி தோணும். அதனால கருவிகளைத்தான் நம்புவோம்" என்றாள். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் உண்டாம். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் சரியான உயரம். நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான தாழ்வு. ஓடுபாதை வடக்குத் தெற்காக இருப்பதால் இந்த மாதங்களில் மேல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும் தோணிக்காரனைப்போல, மூக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்து வந்து கடைசி நேரத்தில் நேராக்குவார்களாம்.

சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. திடீரென்று யன்னலெல்லாம் மழை. தண்ணீர் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்த கணத்தில் இயந்திரங்கள் இரைந்தன. விமானம் மேலே பாய்ந்தது. நான் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். பங்கருக்குள் இருந்த அதே இருப்பு.

அந்தப் பிள்ளை என் முதுகில் கைவைத்தாள். "ஒண்ணுமில்லம்மா. மழையில ஓடுபாதை தெரியல, அதான் மேல போறாங்க. இதுக்குக் கோ அரவுண்ட்னு பேரு. எல்லா விமானியும் பழகியிருக்கோம், எரிபொருளும் கையில இருக்கு. சரியா அமையாதப்போ பிடிவாதமா இறங்கறதுதான் தப்பு. சுத்தி வர்றது தோல்வி இல்ல."

நாங்கள் வானத்தில் வட்டமிட்டோம். மழை விலகியதும், பச்சைக் கடலில் வளையம் வளையமாகத் தீவுகள் தெரிந்தன. மாலேயையும் ஹுல்ஹுலேயையும் இணைக்கும் 2018 இல் திறந்த பாலமும் தெரிந்தது. இரண்டாம் முறை சக்கரங்கள் நிலத்தைத் தொட்டன. இருபக்கமும் கடல், நடுவே நாங்கள். நிமிர்ந்துதான் இருந்தேன்.

அங்கே நேரம் எங்களைவிட அரை மணி பின்னால். மணிக்கூட்டைத் திருத்திக்கொண்டு வெளியே வந்து, பேரப்பிள்ளையைக் கையில் வாங்கினேன்.

அன்றிரவே தங்கையின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, இளையவளிடம் விமானம் சுற்றி வந்த கதையை மட்டும் சொன்னேன். பரீட்சை பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டாம் முறையும் மழை பெய்திருந்தால் என்னம்மா செய்திருப்பினம்?" என்று கேட்டாள்.

"இன்னொருமுறை சுற்றியிருப்பினம், இல்லாவிட்டால் வேறு நிலையத்தில் இறங்கியிருப்பினம்" என்றேன்.

நான் ஊர் திரும்பிய சில வாரங்களில் பரீட்சை விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, கையொப்பத்துக்காக என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.