உணவகத்தில் நம் கண்ணியம்

உண்ணுதல் எல்லா உயிர்க்கும் பொது. காக்கைகூடத் தன் இனத்தைக் கூவி அழைத்தே உண்கிறது. ஆயினும், தன் இனமல்லாதாரோடும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, அவர்தம் மனம் கோணாது உண்ணக் கற்றவன் மனிதன் ஒருவனே. அவ்வாறு பலரும் கூடி உண்ணும் இடமே உணவகம். வீட்டில் உண்ணும் முறையை அன்னையர் கற்பிக்கின்றனர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உண்ணும் முறையை ஆசிரியர் கற்பிக்கின்றனர். கடையில் உண்ணும் முறையை மட்டும் நாம் எவரிடமும் முறையாகக் கற்பதில்லை. ஆதலின், அது குறித்து நாம் கண்டவற்றையும் கருதுவனவற்றையும் இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முன்னாளில் தோட்டப்புறத்தில் கடைச் சோறு என்பது அரிய பொருள். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வோர் சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துச் செல்வர். பால்மரக் காட்டின் நிழலில் அமர்ந்து, கருவாட்டுக் குழம்போ துவையலோ எது கிடைத்ததோ அதனோடு பசியாறுவர். சம்பளம் போட்டபின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணம் சென்றால்தான் கடையில் உண்ணும் வாய்ப்பு. அதுவும் எல்லா மாதமும் இல்லை. ஆண்டுக்கு இருமுறையோ மும்முறையோ வாய்த்தால், அதனைப் பிள்ளைகள் அடுத்த முறை வரும்வரை பேசிப் பேசி மகிழ்வர்.

இன்றோ நிலைமை மாறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனையும் வீடுகளும் எழுந்தன. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகின. காலையில் ரொட்டி சானாய், நண்பகலில் இலைச் சாப்பாடு, இரவில் மீ கோரேங் என்று கடையில் உண்பது நம் வாழ்வின் ஒரு கூறாகவே ஆகிவிட்டது. மலேசிய மக்கள் பலரும் கூடிப் பசியாறும் வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2024ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அம்மரபில் அடங்கும். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு அதற்கு முன்னரே, 2020இல், அச்சிறப்பைப் பெற்றது. உலகம் போற்றும் ஒரு மரபில் நமக்கும் பங்கு உண்டு என்றால், அதற்கேற்ற நடத்தையும் நம்மிடம் இருத்தல் வேண்டுமன்றோ?

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம். முகர்ந்தால் வாடும் மெல்லிய மலரைக் காட்டி, விருந்தினரோ நம் முகம் வேறுபட்டாலே வாடிவிடுவர் என்று உணர்த்தினார். மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில், முன்னர் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுமாறு அறிவுறுத்தினார். முன்னது பிறர் மனத்தைக் காப்பது. பின்னது நம் உடலைக் காப்பது. உணவகத்தில் நாம் பேண வேண்டிய ஒழுக்கம் யாவும் இவ்விரண்டனுள் அடங்கும் என்பது நம் கருத்து.

முதலில் நம் இலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். இலையின் நுனி உண்பவரின் இடப்புறம் இருக்க வேண்டும். நீர் தெளித்துத் துடைத்த பின்னரே பரிமாற வேண்டும். வலக்கை உண்பதற்கு. கரண்டியால் எதையேனும் எடுக்க நேர்ந்தால் இடக்கையால் எடுத்தல் வேண்டும். எச்சிற்கையைப் பொதுக் கரண்டியில் வைத்தல் ஆகாது. உண்டு முடித்தபின் இலையின் மேற்பாதியை நம்மை நோக்கி மடிப்பது, உணவால் நிறைவடைந்தோம் என்பதற்கு அடையாளம். துக்க வீட்டில் மட்டும் மறுபுறமாக மடிப்பது நம்மிடையே உள்ள வழக்கம். பேச வாயில்லாத ஓர் இலையைக் கொண்டே நன்றியையும் துயரத்தையும் உணர்த்தக் கற்றவர் நம் முன்னோர். இன்று இளைஞர் பலர் இலையைத் திறந்தபடியே போட்டுவிட்டு எழுந்து செல்கின்றனர். இதனைப் பெற்றோர் அன்போடு எடுத்துச் சொன்னால் போதும்.

கையால் உண்பது குறித்தும் ஒரு சொல். பட்டணத்து உணவகங்களில் நம் பிள்ளைகள் சிலர் கையால் உண்ண நாணி, கரண்டியால் இட்டிலியைக் குத்திக்கொண்டிருப்பதைக் காண்கின்றோம். நாணுவதற்கு இதில் ஏதும் இல்லை. தூய்மையாகக் கழுவிய கையினும் சிறந்த கருவி நம் உணவுக்கு வேறில்லை. மலாய்க்காரரும் வலக்கையால் உண்பவரே. அதே வேளையில், முள்கரண்டியும் கத்தியும் கண்டு அஞ்சுதலும் வேண்டா. முள்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில். உண்டு முடித்தால் இரண்டையும் தட்டின்மீது சேர்த்து வைத்தல். இவ்வளவே அம்முறை. அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றுக்காக எவரும் தம்மைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை.

பிற இனத்தாரோடு உண்ணும்போது இன்னும் சிறிது கருத்து வேண்டும். சீன நண்பரோடு அமர்ந்தால், உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தல் கூடாது. அது இறந்தோர்க்கு ஏற்றும் ஊதுபத்தியை நினைவூட்டுவதால் அவர்கள் மனம் வருந்தும். முஸ்லிம் உணவகத்துக்குள் வெளியிலிருந்து உணவுப் பொட்டலம் கொண்டுசென்று பிரித்தல் தகாது. அவர்களுக்கு ஹலால் இன்றியமையாதது. நம்முள் மாட்டிறைச்சி உண்ணாதார் பலர். சீனருள்ளும் அதனைத் தவிர்ப்போர் உளர். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுமே உண்போரும் நம்மிடையே உண்டு. ஆகவே, விருந்துக்கு அழைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “நீங்கள் எதை உண்பீர்கள்?” என்பதே. எல்லாரும் மனத்தடையின்றி அமரக்கூடிய கடையைத் தேர்ந்தெடுத்தால் பாதி விருந்து அங்கேயே முடிந்துவிட்டது எனலாம்.

இந்நாட்டு உணவகங்களின் வரலாறே உழைப்பாளரின் வரலாறு. தமிழ் முஸ்லிம் வணிகர் தோளில் காவடிபோல் கழியைத் தாங்கி, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்புமாகத் தூக்கிச் சென்று விற்றதால் பிறந்ததே பினாங்கின் நாசி கண்டார். அவர்களை ‘மாமா’ என்று விளித்த உறவுச் சொல்லே ‘மாமாக்’ என்றாயிற்று. கோப்பிக்கடைகள் பலவற்றை நடத்தியோர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் மரக்கறி உணவகம் 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஊரையும் உறவையும் விட்டுவந்து உழைத்தோரின் பசியைத் தீர்த்தவை இத்தகைய கடைகளே. எனவேதான், கடை நடத்துவோரையும் அங்குப் பரிமாறுவோரையும் நாம் மதித்தல் வேண்டும் என்கின்றோம்.

மதிப்பு என்பது இருபுறமும் செல்ல வேண்டிய ஒன்று. 1960ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சில் இன்றும் நிற்கின்றது. பள்ளி திறக்குமுன் புத்தகம் வாங்கவேண்டி எங்கள் தந்தையார் எங்களைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று காலை வேலை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அப்படியே புறப்பட்டு வந்திருந்தார். சட்டையில் மரப்பால் வாடை. பசியோடு ஒரு சாப்பாட்டுக் கடையுள் நுழைந்தோம். முன்வரிசை மேசைகள் இரண்டு வெறுமையாகவே இருந்தன. ஆயினும் கடைக்காரர், “தோட்டத்து ஆளுங்களா? பின்னாலே போய் உட்காருங்க,” என்று கையை நீட்டினார். பின்புறம் பாத்திரம் கழுவும் இடத்தையொட்டி ஒரு பலகை கிடந்தது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பசித்திருந்த எங்கள் முகங்களைப் பார்த்தார். அங்கேயே அமர்ந்தோம். ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காது உண்டார். பரிமாறிய இளைஞரிடம், “போதும் தம்பி, வயிறு நிறைஞ்சிடுச்சு,” என்றார். இலையை மடித்து, கை கழுவி, காசைக் கணக்காக எண்ணி வைத்தார். பின்னர்க் கடைக்காரரை நேராக நோக்கி, “முதலாளி, சோறு நல்லா இருந்துச்சு. உட்கார வச்ச இடந்தான் நல்லா இல்லே,” என்றார். குரல் உயரவில்லை. கடைக்காரர் மறுமொழி கூறாது கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அக்கடைக்கு நாங்கள் சென்றதில்லை.

இத்தகைய அவமதிப்பு நம் இனத்துக்குப் புதியதன்று. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ் மண்ணில், தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கெனத் தனிக் குவளை வைத்த கொடுமை இருந்தது. ஒரே காசு கொடுத்தவருள் சிலர் உள்ளே அமர, சிலர் வெளியே நின்று குடித்தனர். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் கடைகளிலோ பொது உணவகங்களிலோ எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே உணவகத்தைக் குறிப்பிட்டு எழுத வேண்டியிருந்தது என்றால், அங்கு மனிதர் பட்ட துன்பம் எத்துணைப் பெரிதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். சம ஆசனத்தில் அமர்ந்து உண்ணும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று.

இதனை மறந்தோர் சிலரை இன்று காணும்போது நெஞ்சம் நோகின்றது. அன்று பின்பலகையில் அமர்த்தப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று குளிரூட்டிய உணவகங்களின் முன்வரிசையில் அமர்கின்றனர். அது நமக்குப் பெருமை. ஆனால், அவர்களுள் சிலர் பரிமாறும் ஊழியரை விரலைச் சொடுக்கி அழைக்கின்றனர்; “ஏய்” என்று விளிக்கின்றனர்; தேநீர் வரச் சிறிது தாமதித்தால் ஏசுகின்றனர். அவ்வூழியர் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். தாயையும் மனைவி மக்களையும் பிரிந்து, மாதந்தோறும் பணம் அனுப்புவதற்காக நாளெல்லாம் நின்றுகொண்டே உழைப்பவர். நம் பாட்டனும் பூட்டனும் கப்பலேறி வந்தபோது எந்நிலையில் இருந்தனரோ, அந்நிலையில்தான் அவரும் இருக்கின்றார். அவரை “அண்ணே”, “தம்பி” என்று அழைத்தால் நம் நாக்கு தேய்ந்துவிடாது. உணவில் குறை இருந்தால் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அதனை அவர் முகம் வாடாதவாறு சொல்வதில் இருக்கின்றது நம் கண்ணியம்.

இனி, சிறியனவாயினும் மறத்தற்குரியனவல்லாத சிலவற்றைக் கூறுவோம்.

உண்ணும் அளவே கேட்டு வாங்குதல் வேண்டும். மிகுதியாக வாங்கி இலையில் விட்டு எழுதல், உழவரையும் சமைத்தவரையும் ஒருங்கே அவமதிப்பதாகும். மிஞ்சியதைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்வதில் தாழ்வில்லை.

விலையைக் கேட்டு உண்பதிலும் தாழ்வில்லை. சில உணவகங்கள் சேவைக் கட்டணமாக 10 விழுக்காடு சேர்ப்பதுண்டு. விலைப்பட்டியலை முன்னரே பார்த்து, கையிலுள்ள வெள்ளிக்கு ஏற்ப உண்பவரே அறிவுடையார். பிறர் மெச்ச வேண்டுமென்று கடன்பட்டு விருந்து வைத்தல் குடும்பத்தை வருத்தும்.

கூட்டம் மிகுந்த வேளையில், உண்டபின் நெடுநேரம் அமர்ந்து கதை பேசாது, காத்து நிற்போர்க்கு, சிறப்பாக முதியோர்க்கும் குழந்தையோடு வந்தோர்க்கும், இடம் விட்டு எழுதல் வேண்டும்.

மலேசியாவில் 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு உணவகங்களில் புகைபிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, உண்டபின் தட்டையும் குவளையையும் உரிய இடத்தில் திருப்பி வைத்தல் சட்டப்படி கட்டாயமாயிற்று. சட்டம் இல்லாத இடத்திலும் தட்டுகளை ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு எழுந்தால், மேசை துடைக்கும் முதியவருக்கு ஒரு குனிவு குறையும்.

மற்றுமொன்று. இக்காலத்தில் ஒரே மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, நால்வரும் நான்கு கைப்பேசிகளில் மூழ்கியிருக்கும் காட்சியைக் காண்கின்றோம். குழந்தை அழுதால் அதன் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிடுகின்றனர். அது தான் உண்பது இட்டிலியா தோசையா என்பதையும் அறியாது விழுங்குகின்றது. வாரம் முழுதும் உழைத்து ஓய்ந்த தந்தை, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசக் கிடைத்த அரை மணி நேரம் அது. பெற்றோர் தம் கைப்பேசியை முதலில் எடுத்து வைத்தால் பிள்ளைகளும் பின்பற்றுவர்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் மருத்துவராகலாம், பொறியியலாளராகலாம், வணிகராகலாம். பெரிய விருந்துகளுக்கு அழைக்கப்படுவீர்கள். உங்களுள் சிலர் உணவகம் நடத்துவோராகவும் ஆகலாம். உண்பவராக அமர்ந்தால், பரிமாறுவோருக்கு நன்றி கூறி எழுங்கள். கடை நடத்துவோரானால், வியர்வை உலராத சட்டையோடு வரும் உழைப்பாளிக்கும் முன்வரிசையிலேயே இடம் கொடுங்கள். இவ்விரு பழக்கங்களையும் நாளைக்கென்று வைத்திராமல், நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உங்களுக்குச் சோறு போடும் அம்மையாரிடமிருந்தே தொடங்குங்கள். நாளைக் காலை மங்கை நீட்டும்போது “நன்றி அம்மா” என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

வாழ்க உழைப்போர்! வளர்க நற்பண்பு!