குருபரப்பள்ளியின் சிறு அடுப்புகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி அமைந்துள்ளது. மாந்தோப்புகளும் கேழ்வரகு வயல்களும் கொண்ட இப்பகுதியில் இன்று சிப்காட் தொழிற்பேட்டையும் உண்டு. வெளியூர்களிலிருந்து பிழைப்புக்காக வரும் இளைஞர்கள் வாடகை அறைகளில் கூடி வாழ்கின்றனர். மார்கழிப் பனியில் சளி பிடித்தால், அருகிருந்து கவனிக்க அன்னையர் இல்லை.

ஆகவே அன்புப் பெற்றோரே, பிள்ளைகளை வழியனுப்புமுன் இரண்டினைக் கற்பியுங்கள்.

முதலாவது, முட்டை அவித்தல். முட்டை மூழ்குமளவு நீர் ஊற்றி, கொதி வந்தபின் தீயைத் தணித்து, 10 முதல் 12 நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீரில் இட்டால் ஓடு எளிதில் உரியும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் நீர் ஏறத்தாழ 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே ஓரிரு நிமிடம் கூடுதலாக வேண்டும்.

இரண்டாவது, சுக்கு, மிளகு, துளசி இட்டுக் காய்ச்சிய கஷாயமும், இளஞ்சூடான உப்புநீரால் தொண்டை கொப்பளித்தலும். இவை சளியை விரட்டும் மருந்துகள் அல்ல. ஒரு வாரம், பத்து நாளில் அது தானாக அடங்கும்வரை இதமளிப்பவை. மூச்சுத்திணறலோ நீடித்த காய்ச்சலோ கண்டால் மருத்துவரை நாடவேண்டும்.

ஆண்பிள்ளைக்கு அடுக்களை எதற்கு என்போர் உளர். நோயுற்ற அறைத்தோழனுக்கு அவித்த முட்டையும் ஒரு குவளைக் கஷாயமும் கொடுக்கத் தெரிந்தவன், அவ்வாடகை அறையை வீடாக்குகிறான்.